பழைய சங்கிலி வாள் வாங்குவோர் கவனத்திற்கு

(உழவர் பயிற்சியில் நிகழ்த்திய உரை)



மரம் அறுக்கும் மெஷின் என்றும், செயின் சா என்றும், பவர் சா என்றும் நாம் அழைக்கும் சங்கிலி வாள் இன்று பல ஊர்களில் புழக்கத்திற்கு வந்துவிட்டது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. கோடரியும் கைரம்பமும் கொண்டு அந்த மரங்களை அப்புறப்படுத்த முடியாத நிலையில் சங்கிலி வாளே கை கொடுத்தது. சவுக்கு வெட்டவும், வேலிக் கருவேலை அழிக்கவும், காய்ப்பு ஓய்ந்த தென்னையை நீக்கவும் ஆள் கிடைக்காத இந்நாளில் ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் இப்படி ஒரு கருவி இருந்தால் நல்லது என்று தோன்றுவது இயல்பு. புதியது வாங்கப் பணம் போதாதபோது, ஒருவர் பயன்படுத்திய பழைய வாளை வாங்குகிறோம்.

பழைய வாள் வாங்குவதில் தவறில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய வாள், தரம் குறைந்த புதிய வாளைவிட நன்றாக உழைக்கும். ஆனால் பழைய வாளை வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்புகிறதா, ஒரு கட்டையில் வைத்தால் அறுக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்க்கிறோம். எஞ்சின் நம் வேலையைக் காக்கும். நம் கையையும் காலையும் கழுத்தையும் காப்பவை வேறு சில சிறிய உறுப்புகள். பழைய வாளில் முதலில் உடைவதும், கழற்றி எறியப்படுவதும் அந்த உறுப்புகளே. அவை இல்லாமலும் வாள் அறுக்கும். ஆகவே விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. புது வாளுடன் வரும் விளக்கப் புத்தகமும் இரண்டாவது கைக்கு வருவதற்குள் தொலைந்து போகிறது. அந்தப் புத்தகத்தின் இடத்தை இந்த உரை ஓரளவு நிரப்ப வேண்டும் என்பதே என் நோக்கம்.

வாள் எப்படி வேலை செய்கிறது?

சங்கிலி வாளில் பெட்ரோலால் ஓடும் சிறு எஞ்சின் ஒன்றும், முன்னால் நீண்டிருக்கும் வாள் பட்டையும், அந்தப் பட்டையைச் சுற்றி ஓடும் சங்கிலியும் உள்ளன. மெக்கானிக்குகள் வாள் பட்டையைப் 'பார்' என்பார்கள். சங்கிலியில் வெட்டும் பற்கள் வலம், இடம் என்று மாறி மாறி அமைந்துள்ளன. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு திமில் இருப்பதைக் காணலாம். பல் எவ்வளவு ஆழம் மரத்தில் இறங்க வேண்டும் என்பதை அந்தத் திமில் தான் கட்டுப்படுத்துகிறது. இந்த வகைப் பல்லை 1940-களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி. மரத்தைக் குடையும் வண்டின் புழு, தன் தாடையை இடமும் வலமும் அசைத்து மரத்தைச் சீவிச் செல்வதைக் கூர்ந்து பார்த்து, அதே முறையில் அவர் இச்சங்கிலியை அமைத்தார்.

முழு வேகத்தில் சங்கிலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. 18 அங்குல வாளில் உள்ள சங்கிலியின் நீளம் சுமார் 4 அடி. அப்படியானால் ஒவ்வொரு பல்லும் ஒரு விநாடிக்குள் பதினைந்து முறைக்கு மேல் சுற்றி வந்து விடுகிறது. கை பட்டுவிட்டது என்று உணர்ந்து இழுப்பதற்குள் பல பற்கள் தசையைக் கடந்து போயிருக்கும். அரிவாள் வெட்டு ஒரு கோடாக இருக்கும்; சங்கிலி வாள் தசையைச் சீவி அள்ளிக்கொண்டு போவதால் அந்தக் காயத்தைத் தைப்பதும் கடினம்.

வாள் எகிறி அடிப்பது ஏன்?

சங்கிலி வாளால் நேரும் விபத்துகளில் மிகக் கொடியது வாள் எகிறி அடிப்பது. ஓடும் வாளின் மூக்கு, அதிலும் குறிப்பாக மூக்கின் மேல் பாதி, ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், பற்கள் மரத்தில் மாட்டிக்கொண்டு, சங்கிலியின் வேகம் முழுவதும் வாளை மேல்நோக்கியும் பின்நோக்கியும் தூக்கி எறிகிறது. வாள் வந்து சேரும் இடம் வேலை செய்பவரின் முகம், கழுத்து அல்லது தோள். இது நடந்து முடிய ஒரு விநாடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவராலும் அதற்குள் விலக முடியாது.

இதைத் தடுக்கவே செயின் பிரேக் எனப்படும் சங்கிலித் தடை வாளில் அமைக்கப்பட்டுள்ளது. முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் கைத்தடுப்புதான் அந்தத் தடையின் விசை. வாள் எகிறும்போது இடது மணிக்கட்டு அதில் மோதியோ, அல்லது எகிறும் வேகத்தினாலேயோ தடுப்பு முன்னே சாய்ந்து சங்கிலியை உடனே நிறுத்துகிறது. இந்தத் தடை 1970-களில்தான் பரவலாயிற்று. ஆகவே மிகப் பழைய வாளில் இது இல்லாமலே இருக்கலாம். அத்தகைய வாள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புதிதாகப் பழகுவோர் வாங்கக் கூடாது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு, தோல் கையுறை அணிந்து, கீழ்க்காண்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. முன் கைத்தடுப்பு விரிசலின்றி இருக்கிறதா? முன்னே தள்ளினால் 'டக்' என்று விழுகிறதா? பின்னே இழுத்தால் விடுபடுகிறதா? தடை விழுந்த நிலையில் சங்கிலியைக் கையால் இழுத்தால் நகரக் கூடாது.

2. பின் கைப்பிடியில் ஆக்ஸிலேட்டர் விசைக்கு நேர் மேலே ஒரு பூட்டு விசை இருக்கும். உள்ளங்கையால் பூட்டு விசையை அழுத்தினால் ஒழிய ஆக்ஸிலேட்டர் இயங்கக் கூடாது. செடி கொடி மாட்டி எஞ்சின் வேகம் எடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இதைக் கம்பியாலோ ரப்பராலோ கட்டி வைத்திருந்தால் அந்த வாளை வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

3. வாள் பட்டை எஞ்சினுடன் சேரும் இடத்தில், அடிப்பக்கம், ஒரு சிறு கொக்கி இருக்க வேண்டும். சங்கிலி அறுந்தாலோ கழன்றாலோ அது பின்னால் சாட்டைபோல் வீசாமல் தடுத்துப் பிடிப்பது இக்கொக்கியே. பழைய வாள்களில் இது உடைந்து போயிருப்பதைக் காணலாம். விலை குறைந்த உறுப்புதான், மாற்றிக்கொள்ள வேண்டும்.

4. கைப்பிடிகளுக்கும் எஞ்சினுக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்களோ சுருள்வில்களோ உள்ளன. அவை கிழிந்திருந்தால் வாள் கையில் ஆடும். அதிர்வு நாள்பட நாள்பட விரல்களின் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் கெடுத்து, விரல்கள் வெளுத்து மரத்துப் போகச் செய்யும்.

5. சங்கிலியைச் சுற்றி நகர்த்தி ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட பல், உடைந்த கண்ணி, இறுகிப்போன இணைப்பு இருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். பல்லின் மேல் நீளம் 4 மில்லி மீட்டருக்குக் குறைந்துவிட்டால் அச்சங்கிலியின் ஆயுள் முடிந்தது.

6. வாள் பட்டையின் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சங்கிலியைப் பக்கவாட்டில் அசைத்தால் அது சாய்ந்து ஆடுமானால் பட்டையின் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மூக்கில் உள்ள பற்சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்.

7. சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் அரை மில்லி மீட்டருக்கு மேல் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தேய்ந்த சக்கரம் புதுச் சங்கிலியையும் விரைவில் கெடுக்கும்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி சிறிதும் நகரக் கூடாது. நகர்ந்தால் கிளட்சிலோ எஞ்சினின் மெது வேக அமைப்பிலோ கோளாறு உள்ளது. இரண்டாவது, வாளைத் திடமான தரையின் மேல், மூக்கு எதிலும் படாதபடி வைத்து, இரு கைகளாலும் பிடித்து, முழு வேகம் கொடுத்து, இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமலே மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ள வேண்டும். அந்தக் கணமே சங்கிலி நிற்க வேண்டும். உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். மூன்றாவது, நிறுத்தும் சுவிட்சை அழுத்தியதும் எஞ்சின் அணைய வேண்டும். குழாயை அடைத்தோ, சோக் இழுத்தோ தான் அணைக்க முடியும் என்று விற்பவர் சொன்னால், ஆபத்து நேரத்தில் அந்த வாளை நிறுத்த வழியில்லை என்று கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனைகளில் கண்ட குறைகளைச் சரி செய்ய ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்து, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். வாங்கிய பின் முதல் செலவு அந்தப் பழுதுக்கே ஆகட்டும். உதிரி உறுப்புகள் உள்ளூரில் கிடைக்கும் வகையைச் சேர்ந்த வாளாக இருப்பது நலம்.

சங்கிலியைக் கூர் தீட்டுதல்

மழுங்கிய வாளே ஆபத்தான வாள். அது அறுக்காதபோது நாம் அழுத்துகிறோம், அழுத்தும்போது உடல் முன்னே சாய்கிறது, பிடி தளர்கிறது, களைப்பும் சேர்கிறது. கூரான சங்கிலி செதில் செதிலாகச் சீவித் தள்ளும். மாவு போன்ற தூள் விழுந்தால் கூர் போய்விட்டது என்று அறியலாம். அறுப்பு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்தால், இடப் பற்களும் வலப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லை என்று பொருள்.

உருண்டை அரத்தால் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, ஒரே திசையில், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அராவ வேண்டும். சங்கிலியின் அளவுக்கு ஏற்ப அரத்தின் பருமன் மாறும். 4.0, 4.8, 5.2 மில்லி மீட்டர் அரங்கள் வழக்கத்தில் உள்ளன. உங்கள் சங்கிலிக்கு எது என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சங்கிலி மாற்றும்போதும் கண்ணிகளின் இடைவெளி, பட்டைப் பள்ளத்தின் அகலம், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பழைய சங்கிலியைக் கையோடு எடுத்துச் சென்று காட்டி வாங்குவதே எளிய வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாள் வேகமாக இறங்க வேண்டும் என்பதற்காகச் சிலர் பல்லின் முன்னே உள்ள திமிலை அதிகமாக அராவி விடுகிறார்கள். பொதுவாகப் பல்லின் நுனிக்கும் திமிலின் உச்சிக்கும் உள்ள உயர வேறுபாடு 0.65 மில்லி மீட்டர் அளவில் இருந்தால் போதும். அதற்குமேல் திமில் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு பல்லும் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்கும்; வாள் எகிறுவதும் அதிகமாகும். வாங்கும்போது சோதித்துப் பார்க்கையில் 'என்னமாய் அறுக்கிறது!' என்று வியக்க வைக்கும் வாளில் இந்தக் குறை இருக்கக்கூடும். திமிலைக் கவனியுங்கள்.

சங்கிலியின் இறுக்கமும் முக்கியம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் சங்கிலி பட்டையின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தடையை விடுவித்துவிட்டுக் கையுறையுடன் இழுத்தால் எளிதில் நகரவும் வேண்டும். தொங்கும் சங்கிலி கழலும். மிக இறுகிய சங்கிலி பட்டையைத் தேய்க்கும். புதுச் சங்கிலி விரைவில் நீளும் என்பதால் முதல் நாள் அடிக்கடி பார்க்க வேண்டும்.

எரிபொருளும் எண்ணெயும்

இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலுடன் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகிப் போகும். 50-க்கு 1 என்ற விகிதம் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி லிட்டர். எந்த விகிதம் என்பது வாளின் தயாரிப்பைப் பொறுத்தது. தொட்டி மூடியிலோ உடலிலோ எழுதியிருக்கும். அழிந்திருந்தால் அந்த வகை வாளைப் பழுதுபார்க்கும் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நாளடைவில் குழாயையும் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்த் தகட்டையும் கெடுக்கிறது. எனவே ஒரு மாதத்திற்கு மேல் வைத்த கலவையை ஊற்ற வேண்டாம். வேலை முடிந்து வாளை எடுத்து வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, மீதி எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு வைப்பது நல்லது.

சங்கிலிக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. வாளை வெளிறிய கட்டையின் பக்கம் நீட்டி வேகம் கொடுத்தால், மூக்கிலிருந்து எண்ணெய் தெறித்துக் கோடு விழ வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலை இதில் ஊற்றும் வழக்கம் சரியன்று. அதில் உள்ள இரும்புத் துகள் எண்ணெய்ப் பம்பைத் தேய்க்கும். தெறிக்கும் எண்ணெய் தோலில் தொடர்ந்து படுவதும் உடலுக்குக் கேடு.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிச் சென்று கிளப்ப வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. சூடான வாளைக் காய்ந்த கரும்புச் சோகை மேலோ, தென்னஞ்சருகின் மேலோ வைப்பதும் தீயை வரவழைக்கும்.

உடை

வேட்டியும் கைலியும் வயல் வேலைக்கு ஏற்றவை. சங்கிலி வாளுக்கு ஏற்றவை அல்ல. மடித்துக் கட்டினாலும் அவிழ்ந்து சங்கிலியில் சிக்கும். தலைப்பாகை, தோளில் துண்டு, கழுத்தில் கயிறு இவையும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய முழுக்கால் சட்டையும், கை பொத்தானிட்ட சட்டையும், கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸும் அணிய வேண்டும்.

சங்கிலி வாளுக்கென்றே காலுறை உடுப்பு விற்கப்படுகிறது. அதன் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் இழைகள் வெளிவந்து பற்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். சாதாரண ஜீன்ஸ் துணி அந்தப் பாதுகாப்பைத் தராது. பழைய வாள் வாங்கி மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியை இதற்கும், முகத்தடுப்பும் காதடைப்பும் கூடிய தலைக்கவசத்திற்கும் செலவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வாளின் ஓசை 100 டெசிபெலுக்கு மேல் இருப்பதால், காதடைப்பு இல்லாமல் தொடர்ந்து வேலை செய்தால் செவித்திறன் குறையும். இழந்த செவித்திறன் திரும்பி வராது.

கிளப்புவதும் பிடிப்பதும்

வாளைத் தரையில் வைத்து, சங்கிலித் தடையைப் போட்டு, வலது பாதத்தின் முன்பகுதியைப் பின் கைப்பிடிக்குள் நுழைத்து அழுத்தி, இடது கையால் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் வாளைத் தொங்கவிட்டு மறு கையால் கயிற்றை இழுத்துக் கிளப்புவதைப் பலர் திறமை என்று நினைக்கிறார்கள். பிடியில்லாத வாள் தொடையில் இறங்க அதுவே வழி.

ஓடும் வாளை எப்போதும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடது கை முன்னே, வலது கை பின்னே. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் இவ்வாறே பிடிக்க வேண்டும். வாள் அப்படிப் பிடிப்பதற்கே செய்யப்பட்டது. இடது கட்டை விரல் கைப்பிடியின் அடியில் சுற்றி இறுகப் பிடிக்கட்டும். கால்களை அகற்றி வைத்து, வாள் ஓடும் கோட்டிற்கு இடப்புறம் சற்று விலகி நிற்க வேண்டும். வாள் எகிறினாலும் தலை அதன் பாதையில் இராது.

தோளுக்கு மேல் வாளைத் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியிலோ மரத்திலோ ஏறி நின்று அறுப்பது புதியவருக்கு உரிய வேலையன்று. இரண்டு அடிக்கு மேல் நடக்க வேண்டுமானால் தடையைப் போட்டுவிட்டு நடங்கள். வேலிக்கால் பூவரசு, வேம்பு போன்ற மரங்களில் பழைய கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். அறுக்கும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் கதண்டுக் கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். தனியாக வேலைக்குப் போகாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். ஆனால் வாள் வீச்சுக்குள் யாரும் வரக் கூடாது.

தரையில் கிடக்கும் மரத்தில் பழகுங்கள்

புதியவர்கள் முதல் சில நாட்கள் தரையில் கிடக்கும் கட்டைகளை மட்டுமே துண்டு போட வேண்டும். வாளின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது அது நம்மை முன்னே இழுக்கும். மேல்பக்கத்தால் அறுக்கும்போது நம்மைப் பின்னே தள்ளும். இந்த இழுப்பும் தள்ளுதலும் கைக்குப் பழக வேண்டும்.

அடுத்து, கட்டையில் எங்கே அழுத்தம், எங்கே இழுவிசை என்று படிக்க வேண்டும். இரு முனைகளும் மேட்டில் தாங்கி நடுவில் தாங்கலின்றி இருக்கும் கட்டையில் மேற்புறம் நெருங்கும், அடிப்புறம் விரியும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால் வாள் கடிபட்டு மாட்டிக்கொள்ளும். ஆகவே மேலிருந்து பருமனில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியை அடியிலிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நீண்டிருந்தால் இதற்கு நேர்மாறு: முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து மீதி. வாள் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஆப்பு அடித்து விடுவியுங்கள். ஆப்பு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்க வேண்டும். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் உடையும்.

சரிவில் கிடக்கும் கட்டையை மேட்டுப்பக்கம் நின்று அறுக்க வேண்டும். மூக்கு எங்கே இருக்கிறது என்பதில் எப்போதும் கண் இருக்கட்டும். கட்டைகளைக் குவித்து வைத்து அறுக்கும்போது மூக்கு அடுத்த கட்டையில் பட்டுத்தான் பெரும்பாலும் வாள் எகிறுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு அறுங்கள்.

புயலில் விழுந்த மரம்

புயலில் விழுந்த மரம் சும்மா படுத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வளைந்த வில். வளைந்து மாட்டியிருக்கும் கிளையை அறுத்தால் அது சாட்டைபோல் விசிறி அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும், மண்ணோடு கூடிய வேர்க்கட்டி சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் விழலாம். அடியில் இருப்பவர் மேல் கவிழவும் செய்யலாம். வேர்க்குழியில் யாரும், முக்கியமாக வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்கள், இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி மேல் விழுந்த மரத்தை, மின்சார ஊழியர்கள் வந்து மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று சொல்லும்வரை தொடவே கூடாது.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புறத்தில் வயிரம் உடைய தாவரங்களை ஒரு வகையாகவும், அகத்தில் வயிரம் உடையவற்றை வேறு வகையாகவும் பிரித்துக் காட்டிய நூல் தொல்காப்பியம். தென்னையும் பனையும் முதல் வகை. வெளிப்புறம் கெட்டி, உட்புறம் மென்மை. அந்தக் கெட்டியான வெளிநார் சங்கிலியை விரைவில் மழுக்கிவிடும். ஆகவே அடிக்கடி கூர் தீட்ட வேண்டும். வேம்பு, புளி போன்ற மரங்களைச் சாய்க்கும் முறை தென்னைக்கு அப்படியே பொருந்தாது. விழுந்து கிடக்கும் தென்னையைத் துண்டு போடுங்கள். நிற்கும் தென்னையைச் சாய்க்கும் வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டிருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நிற்கும் மரத்தைச் சாய்த்தல்

கட்டை அறுப்பதில் நன்கு பழகிய பிறகு, நேராக வளர்ந்த சவுக்கு போன்ற சிறு மரத்தில் சாய்க்கும் முறையைப் பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கற்கலாம். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. விழும் திசைக்கு எதிரே, பக்கவாட்டில் சாய்வாகப் பின்வாங்கும் வழியை முதலிலேயே செதுக்கிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

விழ வேண்டிய பக்கத்தில் பருமனில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு ஆழத்திற்கு வாய் வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் அடிமட்டத்திற்குச் சற்று மேலே, பின்வெட்டு போட வேண்டும். இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது. பருமனில் பத்தில் ஒரு பங்கு மரம் நடுவே கீல்போல் நிற்க வேண்டும். 20 செ.மீ. பருமனுள்ள மரத்தில் வாய் 4 முதல் 5 செ.மீ.; கீல் 2 செ.மீ. கதவு கீலில் திரும்புவதுபோல் மரம் இந்தக் கீலில்தான் திரும்பி விழுகிறது. கீலையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரம் அசையத் தொடங்கியதும் தடையைப் போட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.

சாய்ந்த மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் அதன் அடியில் போகவோ, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவோ கூடாது. எட்ட நின்று கயிறு அல்லது டிராக்டர் கொண்டு இழுக்க வேண்டும். உள்ளே உளுத்த மரம், வீட்டின் பக்கமோ மின்கம்பியின் பக்கமோ சாய்ந்த மரம், வாள் பட்டையின் நீளத்தில் பாதிக்கு மேல் பருமனான மரம் ஆகியவற்றைப் புதியவர் தொட வேண்டாம். கூலி கொடுத்தாவது பழகியவரை அழையுங்கள்.

காயம் பட்டுவிட்டால்

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயம் பட்டவரைப் படுக்க வைத்து, உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. கை அல்லது கால் காயத்தில் அழுத்தியும் இரத்தம் பீறிட்டால், காயத்திற்குச் சற்று மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டு செல்லுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. வேலைக்குப் போகும்போதே ஒரு வெள்ளைத் துணிக் கட்டும், பேச வசதியாகச் செல்பேசியும் உடன் இருக்கட்டும்.

முடிவாக

உழவர் பெருமக்களே! இன்று சொன்னவை அனைத்தும் ஒரே நாளில் மனத்தில் நிற்காது என்பதை அறிவேன். குறைந்தது ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். ஏர் பூட்டும் முன் நுகத்தடியையும் கயிற்றையும் பார்த்துப் பூட்டுவதுபோல், நாள்தோறும் முதல் கட்டையில் வாளை வைக்கும் முன் தடை நிறுத்துகிறதா, ஆக்ஸிலேட்டரின் பூட்டு வேலை செய்கிறதா, கொக்கி இருக்கிறதா, சங்கிலி சரியாக இறுகியுள்ளதா, சுவிட்ச் அணைக்கிறதா என்ற ஐந்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு வாளைத் தூக்க வேண்டாம். மரம் நாளைக்கும் அங்கேயே நிற்கும்.

வீட்டில் ஏற்கெனவே வாள் வைத்திருப்பவர்கள் இன்று மாலையே அதை எடுத்து இந்த ஐந்து சோதனைகளையும் செய்து பாருங்கள். அதை இரவல் கேட்டு வரும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் இவற்றைச் செய்து காட்டிய பிறகே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.